தேன் துளியில் வெள்ளித் துகள்



தேன் என்றாலே எனக்கு என் அப்பாவின் கால்தான் நினைவுக்கு வரும். அவருக்கு இனிப்பு நீர். பாதத்தில் சின்னதாக ஒரு புண் வந்தது. "தேன் தடவினால் ஆறிவிடும்" என்று மூன்று வாரம் கடைத் தேனைத் தடவிக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரு விரலையே எடுக்க வேண்டியதாயிற்று. அதனால்தான், தேன் கிருமியைக் கொல்லும் என்று எந்தச் செய்தி வந்தாலும் ஒன்றுக்கு இரண்டு முறை படிக்கிறேன்.

2010-இல் திருவனந்தபுரம் மார் இவானியோஸ் கல்லூரியைச் சேர்ந்த டெய்சி பிலிப் ஓர் ஆய்வை வெளியிட்டார். வெள்ளி நைட்ரேட் கரைசலில் தேனைச் சேர்த்து வெள்ளி நுண்துகள்களை உருவாக்கியிருந்தார். ஒரு துகளின் அளவு சுமார் 4 நானோமீட்டர். நம் தலைமுடியின் தடிமனோ ஏறத்தாழ 80,000 நானோமீட்டர்!

இது எப்படி நடக்கிறது? கரைசலில் வெள்ளி, அயனிகளாகக் கரைந்திருக்கிறது. தேனில் உள்ள பழச்சர்க்கரை அவற்றுக்கு எலெக்ட்ரான்களைக் கொடுத்து உலோக வெள்ளியாக மாற்றுகிறது. தேனில் சிறிதளவே இருக்கும் புரதம், துகள்களைப் போர்த்திக்கொண்டு அவை ஒன்றோடொன்று ஒட்டாமல் காக்கிறது. கரைசல் மஞ்சளாக மாறினால் துகள் உருவாகிவிட்டது என்று பொருள். இதே வேலைக்குச் சோடியம் போரோஹைட்ரைடு போன்ற நச்சு இரசாயனங்களைப் பயன்படுத்துவதும் உண்டு. அந்த இடத்தில் தேன் வருவது பெரிய நன்மை அல்லவா?

துகளிலிருந்து கசியும் வெள்ளி அயனி, கிருமியின் மேலுறையைச் சிதைத்து அதன் புரதங்களை முடக்குகிறது. துகள் சிறியதாக இருந்தால் மேற்பரப்பு அதிகம், வேகமும் அதிகம். பின்னர் வந்த ஆய்வுகளில், தேனால் உருவான துகள்கள் ஈ.கோலி போன்ற கிருமிகளின் வளர்ச்சியைத் தடுத்தன.

ஆனால் அன்பர்களே, அது ஆய்வகத் தட்டில் கண்ட வெற்றி. இரத்த ஓட்டம் குறைந்து, உணர்ச்சி மரத்துப்போன பாதம் வேறு. மருத்துவமனையில் புண்ணுக்கு இடும் தேன்கூட காமாக் கதிரால் தூய்மைப்படுத்தப்பட்டது; நம் சமையலறைப் போத்தல் அப்படியல்ல. 'வெள்ளி நீர்' என்று விற்பதை வாங்கிக் குடிப்பதும் வேண்டாம். தொடர்ந்து குடித்தால் தோல் நிரந்தரமாக நீலச் சாம்பல் நிறமாகிவிடக்கூடும்.

விஞ்ஞானிகள் தேனை ஆராயட்டும், பெருமைப்படுவோம். நம் வீட்டுப் பெரியவரின் காலில் புண் இருந்தால், நாளைக் காலையிலேயே கிளினிக்குக்கு அழைத்துச் செல்வோம். என் அப்பா இழந்த அந்த மூன்று வாரம் இன்னொரு வீட்டில் வீணாக வேண்டாம்.