நான் கேட்டுவரும் இசை



இளைஞர் இருவர் சந்தித்தால், நலம் விசாரித்த அடுத்த கணமே, "இப்போது என்ன பாட்டுக் கேட்கிறாய்?" என்று ஒருவரையொருவர் வினவுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். நல்ல வினா அது. என்ன படிக்கிறாய் என்னும் வினா ஒருவருடைய அறிவின் போக்கைக் காட்டும். என்ன கேட்கிறாய் என்னும் வினாவோ உள்ளத்தின் போக்கைக் காட்டும். அவ்வினாவுக்கு என் விடையை இன்று உங்கள்முன் வைக்க விரும்புகிறேன். நாம் விரும்பும் இசையைப் பிறரோடு எங்ஙனம் பகிர்ந்துகொள்வது என்பது பற்றியும் சில கூறுவேன்.

சென்ற சில திங்களாக மாலைதோறும் நான் கேட்டுவருவது நாகசுரம். அதிலும் திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளை அவர்கள் வாசித்த தோடி இராகம். "நாகசுரமா? அது திருமண வீட்டு வாசலில் ஒலிப்பதன்றோ?" என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கு முதலில் கற்பித்த விதி, தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது. இசைக்கும் அவ்விதி பொருந்தும்.

1962-ஆம் ஆண்டில் வெளிவந்த 'கொஞ்சும் சலங்கை' என்னும் திரைப்படத்தில், 'சிங்கார வேலனே' என்று தொடங்கும் ஆபேரி இராகப் பாடலை நீங்கள் கேட்டிருப்பீர்கள். எஸ். ஜானகி அவர்களின் குரலும் ஒரு நாகசுரமும் ஒன்றையொன்று விஞ்ச முயல்வது போல அப்பாடல் செல்லும். அந்த நாகசுரத்தை வாசித்தவர் காருகுறிச்சி அருணாசலம். அவர் 1921-இல் பிறந்து 1964-இல், இளமை நீங்குமுன்னரே மறைந்தவர். அவருடைய ஆசிரியரே இராசரத்தினம் பிள்ளை. ஆகவே, உங்களுக்குத் தெரிந்த திரைப்பாடலிலிருந்து ஒரே படி ஏறினால் நான் கேட்டுவரும் தோடிக்கு வந்துவிடலாம்.

இராசரத்தினம் பிள்ளை 1898-இல் பிறந்து 1956-இல் மறைந்தார். நாடு விடுதலை பெற்ற வேளையில், 1947 ஆகஸ்டு 14 அன்று, டெல்லியில் நாகசுரம் வாசித்த பெருமை அவருக்கு உண்டு. அந்நாளில் நாகசுரக் கலைஞர்கள் பெரும்பாலும் ஊர்வலத்தில் நின்றும் நடந்தும் வாசித்தவர்கள். பாட்டு வித்துவான்களுக்கு மேடையில் உள்ள மதிப்பு நாகசுரத்துக்கும் வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார்.

அவர் காலத்து இசைத்தட்டு நிமிடத்திற்கு 78 முறை சுழலும். ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்திற்குச் சற்றே மிகுதியான இசைதான் அடங்கும். கோயில் திருவிழாவில் மணிக்கணக்காகத் தோடியை விரித்து வாசித்த ஒருவர், அத்தட்டுக்காக அதனைச் சில நிமிடங்களில் சுருக்கினார். காவிரியைச் செம்பில் முகந்தது போன்ற செயல் அது. ஆயினும் அச்செம்பு நீரே அவரை நேரில் கேட்க வாய்ப்பற்ற பல்லாயிரவருக்குக் காவிரியின் சுவையைக் காட்டியது. இன்று அதனை என் கைப்பேசியில் கேட்கிறேன். ஊசி உரசும் ஒலியும் அதில் சேர்ந்தே வருகிறது. சில நாள் பழகியபின் அது காதில் விழுவதில்லை.

தோடியில் அப்படி என்ன இருக்கிறது? கருநாடக இசையின் 72 மேளகர்த்தா இராகங்களுள் அது எட்டாவது. அதே சுரத்தானங்களைக் கொண்டது வடநாட்டு இசையில் வழங்கும் பைரவி. சுரங்கள் ஒன்றாயினும் இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்பவர்க்கு அவை ஒன்றெனத் தோன்றா. தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் அசையாது நிற்பதில்லை. கீழிருந்து எழுந்து ஆடிக்கொண்டே இருக்கும். அவ்வசைவே, அதாவது கமகமே, தோடியைத் தோடியாக்குகிறது. சொற்கள் ஒன்றாயிருந்தும் பேசும் முறையால் பொருள் மாறுவதை மொழி வகுப்பில் கற்றிருப்பீர்கள், இதுவும் அத்தகையதே.

அக்கமகத்தை நாகசுரத்தில் கொண்டுவருவது எளிதன்று. ஆச்சா மரத்தில் கடைந்த அக்குழலில் விரலால் மூடித் திறக்கும் துளைகள் ஏழு. அவ்வேழு துளைகளைக் கொண்டு இடைப்பட்ட நுண்சுரங்களை எல்லாம் பெறவேண்டுமாயின், சீவாளியைப் பற்றும் உதடும், ஊதும் மூச்சின் அளவும், விரலின் அசைவும் ஒருங்கே இயங்க வேண்டும். கும்பகோணத்தை அடுத்த நரசிங்கம்பேட்டையில் இக்கருவியைச் செய்து வருகிறார்கள். அவ்வூர் நாகசுரத்துக்கு 2022-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது.

பகிர்தல் என்பது ஒருவழிப் பாதையன்று. கல்லூரியில் பயிலும் என் பெயர்த்திக்கு நான் தோடியைக் கொடுத்தபோது, "தாத்தா, பதிலுக்கு நான் ஒன்று தருவேன், முழுவதும் கேட்க வேண்டும்" என்றாள். அவள் தந்தது 1777-இல் மோட்சார்ட் இயற்றிய ஓபோ கான்செர்ட்டோ. ஓபோவும் நம் நாகசுரத்தைப் போலவே இரட்டை நாக்குடைய ஊதுகருவி. ஐரோப்பிய வாத்தியக் குழுவில் மற்றக் கருவிகள் யாவும் ஓபோவின் ஒலிக்கே சுருதி சேர்த்துக்கொள்ளும். அதில் சுரங்கள் அசையாமல் தெளிந்து நிற்கும். தோடியிலோ சுரங்கள் அசைந்து அசைந்து வளரும். ஒன்றைக் கேட்டபின் மற்றொன்றைக் கேட்கும்போது இரண்டின் இயல்பும் நன்கு விளங்குகிறது. இப்போது என் மாலை நேரத்தில் அரைப்பங்கு மோட்சார்ட்டுக்கு உரியது.

நான் தலைமையாசிரியராய் இருந்தபோது, வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் உயர்வகுப்பு மாணவர்களைக் கூட்டி, வாரம் ஒருவர் தமக்குப் பிடித்த இசையை ஒலிநாடாவில் கொண்டுவரச் செய்தோம். நாட்டுப்புறப் பாட்டு வந்தது, திரைப்பாட்டு வந்தது, வீணையும் வந்தது. ஒரே ஒரு விதிதான் வைத்தோம்: நன்று, நன்றன்று என்று எவரும் சொல்லலாகாது, எதைக் கேட்டோம் என்பதை மட்டும் ஒரு வாக்கியத்தில் சொல்ல வேண்டும். முதல் சில வாரங்களில் மாணவர்கள் சொல்ல வகையின்றித் திகைத்தார்கள். பின்னர் ஒருநாள், படிப்பில் பின்தங்கியிருந்த ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, பாடுகிறவர் நிறுத்தும்போதெல்லாம் தவில்காரர் அவர் விட்ட இடத்தை நிரப்புகிறார்" என்றான். அவ்வகுப்பில் அதுவரை எவரும் கவனியாத ஒன்று அது. அன்றுமுதல் மற்றவர்கள் அவன் சொல்லுக்குச் செவிசாய்க்கத் தொடங்கினார்கள்.

இஃது ஏதோ பொழுதுபோக்குப் பற்றிய பேச்சு என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு கலை கருவியால் மட்டும் வாழ்வதில்லை; கேட்கும் செவிகளால் வாழ்கிறது. இன்றைய திருமணங்களில் கலைஞர் ஒருவர் அரும்பாடுபட்டுக் கற்ற தோடியை வாசித்துக்கொண்டிருப்பார். பந்தலில் அனைவரும் பேசிக்கொண்டிருப்பர். கெட்டிமேளம் ஒலிக்கும்போது மட்டுமே அவர் பக்கம் திரும்புவர். கேட்பாரில்லை என்றால் அவர் தம் மக்களுக்கு அக்கலையைக் கற்பிப்பாரா?

மாறாக, ஒரு செவி திறந்தால் என்ன நிகழும் என்பதற்கும் சான்று உண்டு. ஆந்திர நாட்டில் 1924-இல் பிறந்த ஷேக் சின்ன மௌலானா, இராசரத்தினம் பிள்ளையின் வாசிப்பில் மனத்தைப் பறிகொடுத்தார். நாச்சியார்கோயில் வித்துவான்களிடம் தஞ்சை மரபைப் பயின்று, திருவரங்கத்தில் குடியேறி, 1999-இல் மறையும்வரை அம்மரபை வளர்த்தார். மொழியும் சமயமும் கடந்து ஒரு கலை மற்றொருவருக்கு உரியதாயிற்று. பகிர்தலின் பயன் இதுவே.

ஆகவே, மாணவச் செல்வங்களே, இவ்வாரம் இரண்டு செயல்கள் செய்யுங்கள். காதில் ஒலிக்கருவியைப் பொருத்திக்கொண்டு தனித்துக் கேட்கும் உங்கள் விருப்பப் பாடலை வீட்டிலுள்ள பெரியவர் ஒருவரோடு அமர்ந்து கேளுங்கள். அவர் விரும்புவதையும் முழுமையாகக் கேளுங்கள். அடுத்து ஒரு திருமணத்திற்குச் செல்ல நேர்ந்தால், நாகசுரக் கலைஞர் அருகில் பத்து நிமிடம் அமருங்கள். வாசித்து முடித்ததும், "ஐயா, இப்போது வாசித்தது என்ன இராகம்?" என்று கேளுங்கள். அவர் முகம் மலர்வதை நீங்களே காண்பீர்கள்.