கிடார் கற்க விரும்புவோருக்கு: முதல் மூன்று மாதம்

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் பொங்கல் விழாவில் பேசியது. எழுதித் தரும்படி சிலர் கேட்டுக்கொண்டதால் இங்கே தருகிறேன்.)

உங்களில் பலருக்கு என்னை மெயின்டனன்ஸ் கணக்குப் பார்ப்பவராகத்தான் தெரியும். பி.காம். படித்துவிட்டு வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். இசை படித்தவன் இல்லை. கிடாரைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி என்று கேட்டால் ஒன்றுதான்: நான் இன்னமும் ஆரம்ப மாணவன். இரண்டு வருடத்துக்கு முன் நான் செய்த தவறுகள் அப்படியே நினைவில் இருக்கின்றன. நன்றாக வாசிப்பவர்களுக்கு அவையெல்லாம் மறந்து போயிருக்கும்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். என் மகன் பத்தாம் வகுப்பு படிக்கும்போது கிடார் கேட்டான். "பப்ளிக் எக்ஸாம் முடியட்டும்" என்றேன். பிறகு பிளஸ் டூ, பிறகு இன்ஜினியரிங் என்று தள்ளிக்கொண்டே போனேன். வேலைக்குப் போனதும் அவனே ஒன்று வாங்கினான். அப்போது அவனுக்கு நேரம் இல்லை. வெளிநாடு போகும்போது அதைப் பரணில் போட்டுவிட்டுப் போனான்.

ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் பரணைச் சுத்தம் செய்தபோது அதை உறையோடு இறக்கினேன். கம்பிகள் துருப்பிடித்திருந்தன. அன்று இரவு வீடியோ காலில் அவனிடம் காட்டினேன். சற்று நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "விரல் வலிக்கும்ப்பா, விட்டுடாதீங்க" என்றான்.

அவன் சொன்னதைத்தான் இப்போது உங்களுக்கும் சொல்லப் போகிறேன். கிடாரை ஆரம்பிப்பவர்களில் நிறையப் பேர் முதல் மூன்று மாதத்துக்குள் விட்டுவிடுகிறார்கள். அவர்களுக்கு ஞானம் இல்லை என்பது காரணம் அல்ல. சின்னச் சின்ன விஷயங்களை யாரும் முன்கூட்டிச் சொல்லாததுதான் காரணம்.

முதலாவது, கருவி. விலை உயர்ந்ததை வாங்க வேண்டாம். ஆனால் கம்பிக்கும் பலகைக்கும் நடுவே அதிக இடைவெளி உள்ள மலிவான கருவியையும் வாங்காதீர்கள். அதில் அழுத்த இரட்டைப் பலம் வேண்டும். கடையிலேயே நாலைந்து இடத்தில் அழுத்திப் பாருங்கள். நைலான் கம்பி விரலுக்கு மெத்து, சத்தமும் குறைவு, அடுக்குமாடிக்கு ஏற்றது. ஸ்டீல் கம்பியில் ஓசை கணீரென்று இருக்கும், வலியும் அதிகம். நைலான் கிடாரில் ஸ்டீல் கம்பியை மாட்டிவிடாதீர்கள்; அந்த இழுவையில் பாலம் பெயர்ந்து வந்துவிடும். சிறு குழந்தைகளுக்கு அரை, முக்கால் அளவுக் கிடார்கள் கிடைக்கின்றன.

இரண்டாவது, சுருதி. முதல் ஒரு மாதம் எனக்கு வாசிக்க வரவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் கிடார்தான் சுருதியில் இல்லை. செல்போனில் இலவச டியூனர் ஆப் உண்டு. தடித்த கம்பியிலிருந்து மெல்லிய கம்பி வரை ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. தினமும் இதைச் சரிபார்த்த பிறகே வாசியுங்கள். முறுக்காணியை மெதுவாகத் திருப்புங்கள். அவசரப்பட்டு மெல்லிய கம்பியை மேலே மேலே ஏற்றி ஒன்றை அறுத்துக்கொண்டவன் நான்.

மூன்றாவது, வலி. இடது கை விரல் நுனிகள் முதல் இரண்டு, மூன்று வாரம் எரியும். பிறகு தோல் தடித்துவிடும். கம்பியை ஃப்ரெட்டின் மேலேயே அழுத்தாமல், அதற்குச் சற்று முன்னால், ஒட்டினாற்போல் அழுத்தினால் பாதி பலம் போதும். இது தெரியாமல் நான் கட்டை விரலையும் சேர்த்து வலிக்க வைத்துக்கொண்டேன்.

நான்காவது, பாட்டுக்கு அவசரப்படாதீர்கள். இரண்டே கார்டு போதும். ஈ மைனர், ஏ மைனர். ஈ மைனரில் நடுவிரலும் மோதிர விரலும் இரண்டாவது ஃப்ரெட்டில் ஐந்தாவது, நான்காவது கம்பிகளில் இருக்கும். அதே இரண்டு விரல்களை அப்படியே ஒரு கம்பி கீழே இறக்கி, ஆள்காட்டி விரலை முதல் ஃப்ரெட்டில் இரண்டாவது கம்பியில் வைத்தால் ஏ மைனர். ஒரு நிமிடத்தில் எத்தனை முறை மாற்ற முடிகிறது என்று எண்ணி நோட்டில் எழுதுங்கள். எனக்கு முதல் நாள் 6. மூன்று மாதம் கழித்து 38. எஃப் கார்டை இப்போதைக்குத் தொடாதீர்கள். ஒரே விரலால் எல்லாக் கம்பியையும் அழுத்தச் சொல்லும் அந்த இடத்தில்தான் பலர் கிடாரைச் சுவரில் சாய்த்துவிடுகிறார்கள்.

ஐந்தாவது, நேரம். வங்கியில் இருந்தவன் என்பதால் இதை ஆர்.டி. கணக்கு என்பேன். ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக இரண்டு மணி நேரம் உட்கார்வது பயன் தராது. தினம் 15 நிமிடம் போடுங்கள். 90 நாளில் இருபத்திரண்டரை மணி நேரம் சேர்ந்துவிடும். அதற்கு முன் "எனக்கு வருமா, வராதா" என்று தீர்ப்பு எழுதாதீர்கள். கிடாரை உறைக்குள் வைக்காமல் ஹாலில், கண்ணில் படும் இடத்தில் வையுங்கள். வாசித்து முடித்ததும் கம்பிகளைப் பருத்தித் துணியால் துடையுங்கள். நம் பக்கத்துக் காற்றில் ஈரம் அதிகம். வியர்வையும் சேர்ந்தால் சீக்கிரம் துருப்பிடிக்கும். வெயிலில் நிற்கும் காரில் வைத்தால் பசை இளகிவிடும்.

முடிந்தால் ஓர் ஆசிரியரிடம் சில மாதமாவது போங்கள். இளையராஜா சென்னைக்கு வருவதற்கு முன்பே அண்ணன் பாவலர் வரதராஜனின் குழுவோடு ஊர் ஊராகப் போய் வாசித்தவர். அப்படிப்பட்டவரே சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மாணவனாக உட்கார்ந்து மேற்கத்திய இசையைப் படித்தார். மற்ற இசையமைப்பாளர்களிடம் கிடார் வாசித்தார். 1976-ல்தான் 'அன்னக்கிளி' வந்தது.

"நம்ம சங்கீதத்துக்கு இது ஒத்து வருமா?" என்று பி பிளாக் மாமி கேட்டார். சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த பிரசன்னா கர்நாடக சங்கீதத்தைக் கிடாரில் கச்சேரியாகவே வாசிக்கிறார். கம்பியை இழுத்தும் சறுக்கியும் கமகம் கொண்டு வருகிறார். கேட்டுப் பாருங்கள்.

வயதைப் பற்றியும் ஒரு வார்த்தை. டிரினிட்டி காலேஜ் லண்டன் நடத்தும் கிடார் கிரேடு தேர்வுகளுக்கு மேல் வயது வரம்பு கிடையாது. நான் எழுதப் போவதில்லை. எழுதிய தேர்வுகள் போதும். ஆனால் யாரும் வயதைச் சாக்குச் சொல்ல முடியாது என்பதற்காகச் சொன்னேன்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை கேட்கும்போது பரீட்சையைக் காட்டித் தள்ளிப்போடாதீர்கள். ஒரு நாளில் 15 நிமிடம் எந்த மதிப்பெண்ணையும் குறைக்காது. என் மகனுக்கு நான் அந்த 15 நிமிடத்தைக் கொடுக்கவில்லை. இப்போது ஞாயிறு தோறும் போனில் நான் வாசிக்க, அவன் தப்பு சொல்கிறான். அதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் அவன் பதினைந்து வயதில் வாசித்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று கேட்க எனக்கு இனி வழியில்லை.

கடைசியாக, நம் கருங்குழியில் இதற்கென்று வகுப்பைத் தேடி அலைய வேண்டாம். ஞாயிறு மாலை 5 முதல் 6 வரை நம் சங்க ஹாலில் இருப்பேன். வாங்குவதற்கு முன் என் கிடாரைத் தொட்டுப் பார்க்கலாம். கற்றுத் தரும் அளவுக்கு எனக்குத் தெரியாது. சுருதி சேர்க்கவும் அந்த இரண்டு கார்டையும் காட்டவும் முடியும். வீட்டில் பழகுபவர்கள் இரவு 9 மணிக்கு மேல் வாசிக்காதீர்கள். பக்கத்து வீட்டாரிடம் முதலிலேயே சொல்லி வையுங்கள். என் பக்கத்து வீட்டார் ஒரு வருடம் பொறுத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு இந்த மேடையிலிருந்தே நன்றி.