இடாப்பில் பெயர் இருக்கிறதா, பிள்ளை?
(பாலையூற்றில் நடைபெற்ற நூற்றாண்டு ஒன்றுகூடலில் சங்கத்தின் செயற்குழுவினர் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



கட்டிட நிதி பற்றியும் புலமைப்பரிசில் பற்றியும் முன்னர் பேசியவர்கள் சொல்லிவிட்டார்கள். நாங்கள் ஒரு மேசையைப் பற்றிச் சொல்ல வந்தோம். பாடசாலை நூலகத்துக்கு முன்னால் நாங்கள் போட்டிருக்கும் வாக்காளர் பதிவு மேசை அது.

நம் சங்கத்தைத் தொடங்கிய பெரியவர்களில் ஒருவருக்கும் அன்று வாக்குரிமை இருக்கவில்லை. 1927இல் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் கொழும்பில் உருவானது. டொனமூர் ஆணைக்குழுவின் முன் அக்னஸ் டி சில்வா அம்மையாரும் மற்றவர்களும் போய்ச் சாட்சியம் சொன்னார்கள். தோட்டத்தில் வேலை செய்யும் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமா என்று அங்கே கேட்கப்பட்டது. அவர்களும் பெண்கள்தானே, எல்லோருக்கும் வேண்டும் என்பது அம்மையாரின் பதில். பெண்ணுக்கு முப்பது வயதாக வேண்டும் என்றுதான் ஆணைக்குழு எழுதியது. பின்னர் அது ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றாக 21 ஆனது. 1931இல் முதல் தடவை வாக்களித்தார்கள்.

ஆனால் கிடைத்தது நிலைக்கவில்லை. 1948இன் குடியுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டின் தேர்தல் சட்டத் திருத்தமும் வந்தபோது, அந்தத் தோட்டப் பெண்களில் பெரும்பாலானோரின் பெயர் இடாப்பிலிருந்து போய்விட்டது. எஞ்சியிருந்தவர்களின் குடியுரிமைப் பிரச்சினை தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரவேண்டியிருந்தது. 1977 கலவரத்துக்குப் பின் மலையகத்திலிருந்து நம் மாவட்டத்துக்கு வந்து குடியேறிய குடும்பங்களின் பேத்திமார் இன்று நம் பாடசாலையில் படிக்கிறார்கள். அப்படி ஒரு பாட்டி எங்கள் மேசைக்கு வந்தார். பேத்தியின் பெயரை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, “என்ர பேரும் இதில இருக்குதோ, ஒருக்காப் பாருங்கோ” என்றார். இருந்தது. இரண்டாம் தடவையும் வாசித்துக் காட்டச் சொன்னார்.

மேசை தொடங்கியதற்குக் காரணம் எங்கள் கவனயீனம்தான். 2024 செப்டெம்பரில் ஜனாதிபதித் தேர்தல். நம் உயர்தர மாணவி ஒருத்தி புது உடுப்போடு வாக்களிப்பு நிலையத்துக்குப் போய், கண்கலங்கித் திரும்பி வந்தாள். கையில் தேசிய அடையாள அட்டை இருந்தது, இடாப்பில் பெயர் இல்லை. அட்டை இருந்தால் வாக்கும் இருக்கும் என்று நினைத்திருந்தாள். அட்டைக்கான விண்ணப்பத்தைப் பாடசாலை மூலம் அனுப்பும்போது நாங்களும் கூட நின்றோம். இடாப்பு வேறு, அட்டை வேறு என்று ஒருவரும் அவளுக்குச் சொல்லவில்லை.

இப்போது கிராம உத்தியோகத்தர் கணக்கெடுக்கும் காலத்துக்கு முன்னரே வகுப்பு வகுப்பாகப் போகிறோம். வீட்டில் யார் படிவம் நிரப்புவது, அதில் உன் பெயரைச் சேர்த்தார்களா என்று கேட்கிறோம். பதினெட்டு வயது ஆண்டின் நடுவில் வருகிறதா? பரவாயில்லை, 2021ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு துணை இடாப்பு இருக்கிறது. பட்டியலைப் பார்வைக்கு வைக்கும்போது பிள்ளையே போய்ப் பார்க்க வேண்டும், அப்பா பார்த்தார் என்பது போதாது. விடுபட்டிருந்தால் உரிமைக் கோரிக்கை கொடுக்கக் காலக்கெடு உண்டு.

பிள்ளைகளை விடப் பெற்றோர் பக்கம்தான் சிக்கல் கூட. நம் ஊர் வழக்கப்படி கலியாணம் முடித்த மாப்பிள்ளை பெண்ணின் சீதன வீட்டுக்கு வருவார், அவருடைய பெயர் மட்டும் இன்னும் தாய் வீட்டில் இருக்கும்! கொழும்பில் வேலைக்குப் போன மகளை, அங்கே பதிந்திருப்பாள் என்று இங்கே விட்டுவிடுவார்கள். அவளோ அங்கும் பதிந்திருக்க மாட்டாள். ஒருவருக்கு ஓரிடத்தில்தான் பதிவு. அது எந்த இடம் என்று வீட்டில் பேசித் தீர்மானியுங்கள்.

வாக்களிக்கவும் பழக்குகிறோம். 2024 பாராளுமன்றத் தேர்தலில் நாடு முழுவதும் 667,240 வாக்குகள் நிராகரிக்கப்பட்டன. எங்கள் மாதிரிச் சீட்டில் கத்தரி, வெண்டி, முருங்கை என்று மூன்று கட்சிகள். முதலில் கட்சிக்குப் புள்ளடி, பிறகுதான் விருப்பு வாக்கு, அதுவும் மூன்றுக்கு மேல் இல்லை. கட்சியை விட்டுவிட்டு இலக்கங்களுக்கு மட்டும் புள்ளடி இட்டவர்களில் ஓர் ஆசிரியையும் இருந்தார், பெயர் சொல்ல மாட்டோம். ஜனாதிபதித் தேர்தல் என்றால் ஒருவருக்குப் புள்ளடி, அல்லது 1, 2, 3 என்ற வரிசை. இரண்டையும் கலக்க வேண்டாம் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறோம்.

யாருக்கு என்று மேசையில் கேட்பதுமில்லை, சொல்வதுமில்லை. ஒரு முறை வேட்பாளர் ஒருவரின் துண்டுப்பிரசுரத்தை யாரோ மேசையில் வைத்துவிட்டுப் போனார். அன்றைக்கே எடுத்துக் குப்பையில் போட்டோம். அதைப் பார்த்த பிறகுதான் சில பெற்றோர் எங்களிடம் வரத் தொடங்கினார்கள்.

லண்டனிலும் டொரொண்டோவிலும் சிட்னியிலும் இருக்கும் சகோதரிகளே, அங்கிருந்தபடி இலங்கைத் தேர்தலில் வாக்களிக்க உங்களுக்கு வழியில்லை. ஆனால் ஊரில் தனியே இருக்கும் அம்மாவுக்கு ஒவ்வொரு ஞாயிறும் தொலைபேசி எடுக்கிறீர்கள். மருந்து எடுத்தீர்களா என்று கேட்கும்போது இதையும் கேளுங்கள். பெயர் இல்லை என்றால் எங்களுக்கு அறிவியுங்கள், நாங்கள் வீட்டுக்கே போய்ப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறோம். கால் ஏலாதவர்களை வாக்களிப்பு நிலையத்துக்குக் கூட்டிப் போக இப்போது இரண்டு முச்சக்கர வண்டிகள் இருக்கின்றன. மூன்றாவது ஒன்று தேவை.