சம்பளமில்லாத வேலைக்குப் போட்டி

ஒலிம்பிக் என்றதும் ஓடுகிறவரும் நீந்துகிறவரும்தான் நம் கண்ணில் படுவார்கள். வாசலில் நின்று வழி காட்டுகிறவர் படமாட்டார். 2012இல் லண்டனில் ஒலிம்பிக், பாராலிம்பிக் இரண்டுக்குமாகச் சுமார் 70,000 தன்னார்வலர்கள் வேலை பார்த்தார்கள். விண்ணப்பம் போட்டவர்களோ 2,40,000 பேர்! சம்பளமில்லாத வேலைக்குத்தான் இவ்வளவு போட்டி.

கிடைத்தது என்ன? ஊதாவும் சிவப்புமாக ஒரு சீருடை, வேலை நேரத்தில் சாப்பாடு, நகருக்குள் போய்வர இலவசப் பயணம். வெளியூர்க்காரர்கள் தங்குமிடத்தை அவரவர் செலவில்தான் பார்த்துக்கொண்டார்கள். மைதானத்துக்குள் வேலை கிடைத்தவர் கொடுத்துவைத்தவர். பலருக்கு வாசலோடு சரி. டிக்கெட் பார்ப்பது, கூட்டத்தை ஒழுங்குபடுத்துவது, கார் ஓட்டுவது. உள்ளே யாரோ சாதனை படைப்பார், இவருக்குச் சத்தம் மட்டும் கேட்கும்.

தொடக்க விழாவில் ஆடியவர்களிலும் ஆயிரக்கணக்கானோர் தன்னார்வலர்களே. விழா ரகசியத்தை வெளியே சொல்லாதீர்கள் என்று இயக்குநர் டேனி பாயில் கேட்டுக்கொண்டார். பெரும்பாலும் காப்பாற்றிவிட்டார்கள். நம் கல்யாண வீடுகளில் இது நடக்குமா, சந்தேகம்தான்!

உங்கள் ஊருக்கும் ஒரு பெரிய விளையாட்டு விழா வந்தால், டிக்கெட் வாங்கும் முன் தன்னார்வலராகப் பெயர் கொடுத்துப் பாருங்கள்.