ஐந்நூறு ரூபாய்க் காலம் போயிற்று

2001 வரை, பிள்ளைக்குத் தகப்பன் தரவேண்டிய ஜீவனாம்சத்துக்கு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு ஓர் உச்சவரம்பு வைத்திருந்தது: மாதம் 500 ரூபாய். இன்றைக்குப் பள்ளி வேனுக்கே காணாது! அந்த வரம்பு இப்போது இல்லை. 2024 ஜூலை 1 முதல் இதே உரிமை பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவில் இருக்கிறது. பெற்றோருக்குத் திருமணம் ஆகாவிட்டாலும் பிள்ளைக்கு அது உண்டு.

நாக்பூர் குடும்ப நீதிமன்றம் 2015-இல் ஒரு சிறுவனுக்கு மாதம் 10,000 ரூபாய் விதித்தது. தகப்பன் விடவில்லை, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 2020 நவம்பரில் வந்த தீர்ப்பு, நாடு முழுவதற்கும் நடைமுறை வகுத்தது. இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் காட்டவேண்டும். மனுப் போட்ட நாளிலிருந்தே கணக்கு. 'வருமானமே இல்லீங்க' என்ற பழைய பல்லவி இனி அத்தனை சுலபமாக எடுபடாது.

வக்கீலுக்குக் காசில்லையா? மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. தொலைபேசி எண் 15100. பிறப்புச் சான்றிதழ், பள்ளிக் கட்டண ரசீது கையோடு இருக்கட்டும்.

உத்தரவு வந்தும் பணம் வரவில்லையென்றால், பாக்கி விழுந்த ஓராண்டுக்குள் வசூல் மனு போட்டுவிட வேண்டும்.