மருட்கை: ஒரு விண்வெளிப் படத்தை முன்வைத்து



இன்றைய இலக்கிய உரைக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் ஒரு விஞ்ஞானத் திரைப்படம். தமிழ் படிப்பிக்கும் ஆசிரியனுக்கு விண்கலங்களோடு என்ன வேலை என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். இலக்கியம் நமக்குள்ளே எழுப்பும் உணர்ச்சிகளை எட்டாக வகுத்துத் தந்தவர் தொல்காப்பியர். அந்த எட்டில் நான்காவது மருட்கை. வியப்பு என்று இன்று நாம் சொல்வது அதனைத்தான். அந்த மெய்ப்பாட்டைப் பற்றிப் பேசுவதற்கு எனக்குத் தெரிந்தவற்றுள் பொருத்தமான உதாரணம் ஒரு திரைப்படமாக இருப்பதால் அதனையே எடுத்துக்கொண்டேன்.

'2001: ஏ ஸ்பேஸ் ஒடிசி' என்பது படத்தின் பெயர். நெறியாள்கை செய்தவர் ஸ்ரான்லி குப்ரிக். 1968ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அது முதன்முதலில் திரையிடப்பட்டது. மனிதன் சந்திரனில் கால் பதித்தது 1969 யூலையில். பூமியின் சுற்றுப்பாதையைக் கடந்து முதன்முதலாக மனிதர் சென்றதே 1968 டிசம்பரில்தான். அதாவது, பூமியை முழு உருண்டையாக மனிதக் கண் எதுவும் நேரே கண்டிராத காலத்தில் எடுக்கப்பட்ட படம் இது.

இந்தப் படத்துக்கும் நமது நாட்டுக்கும் நெருங்கிய உறவொன்று உண்டு. குப்ரிக்குடன் சேர்ந்து இதன் திரைக்கதையை எழுதியவர் ஆதர் சி. கிளார்க். 1956இல் இலங்கைக்கு வந்து குடியேறி, 2008இல் மறையும்வரை இங்கேயே வாழ்ந்தவர். 1964இல் கொழும்பிலிருந்த அவருக்குக் குப்ரிக் எழுதிய கடிதத்தோடுதான் இந்தப் படத்தின் வரலாறு தொடங்குகிறது. அவர் வானத்தை மட்டும் பார்த்தவரல்லர். அவரும் தோழர் மைக் வில்சனும் திருகோணமலைச் சுவாமி மலையின் அடியிற் சுழியோடி, போர்த்துக்கேயர் இடித்துக் கடலில் தள்ளிய கோணேசர் ஆலயத்தின் தூண்களையும் செதுக்குக் கற்களையும் கண்டு, படம் பிடித்து, உலகறியச் செய்தார்கள். சம்பந்தர் பாடிய தலத்தின் கற்களைக் கடலடியிற் கண்ட அதே மனிதர்தான் வியாழக் கிரகத்துக்குப் போகும் கப்பலையும் கற்பனை செய்தார்.

படம் வெளிவந்து ஐம்பது ஆண்டுகள் நிறைவெய்திய 2018இல், பழைய முறைப்படியே 70 மில்லிமீற்றர் சுருளிற் புதிய பிரதிகள் எடுக்கப்பட்டுப் பல நாடுகளிலே திரையிடப்பட்டன. அவ்வருடப் பாடசாலை விடுமுறையில் லண்டனிலுள்ள தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். மருமகன் என்னைத் தியேட்டருக்கு அழைத்துச் சென்றான். தொலைக்காட்சிப் பெட்டியில் முன்னரே இரண்டு முறை பார்த்த படந்தான். ஆனால் பெருந்திரையிற் பார்த்தபோது அது வேறொரு படமாகவே இருந்தது.

மருட்கை பிறப்பதற்கு நான்கு நிலைக்களன்களைத் தொல்காப்பியர் கூறுகிறார். புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்பன அவை. இந்த நான்கும் அந்தத் திரையில் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன.

முதலாவது புதுமை. விண்கலத்தின் உள்ளே ஒரு மனிதன் வட்டமான அறையின் சுவர் நெடுகிலும் ஓடுகிறான். மேல் எது, கீழ் எது என்று நமக்குத் தெரியவில்லை. இன்று இத்தகைய காட்சிகளைக் கணினி வரைந்து கொடுத்துவிடும். அன்று அந்த வசதி இல்லை. ஏறத்தாழ 38 அடி விட்டமுள்ள ராட்சத உருளை ஒன்றைக் கட்டி, அதனையே சுழல வைத்து, நடிகரை அதன் அடியில் ஓடவிட்டார்கள். கமெராவும் உருளையோடு சேர்ந்து சுழன்றபடியால் மனிதன் சுவரில் ஏறி ஓடுவதுபோலத் தோன்றுகிறது. வேறொரு காட்சியில் பேனை ஒன்று காற்றில் மிதக்கும். அது கண்ணாடித் தகட்டில் ஒட்டப்பட்ட பேனை. தகட்டைத் திருப்பினால் பேனை மிதக்கிறது. இந்தக் காட்சித் தந்திரங்களுக்காகக் குப்ரிக்குக்கு ஒஸ்கார் பரிசு கிடைத்தது. அவர் வாழ்நாளிற் பெற்ற ஒரேயொரு ஒஸ்கார் அதுதான்.

இரண்டாவது பெருமை, மூன்றாவது சிறுமை. இவை இரண்டும் இப்படத்திற் பிரியாமல் வருகின்றன. வியாழக் கிரகம் திரையை நிறைக்கின்றது. கப்பல் அதன்முன் ஊசிமுனையாகிறது. விண்வெளியில் ஒரு வீரன் சுவாசக் குழாய் அறுந்து சுழன்று போகிறான். எவ்வித ஓசையுமில்லை. காற்றில்லாத இடத்திலே ஓசை பிறக்காது என்பது விஞ்ஞானம். அந்த விஞ்ஞான உண்மையையே கலையாக்கியிருக்கிறார் குப்ரிக். மஞ்சள் உடை அணிந்த அந்த உருவம் சிறுத்துச் சிறுத்து ஒரு புள்ளியாகும்வரை தியேட்டரில் இருமல்கூடக் கேட்கவில்லை. சிறிய திரையில் எல்லாமே சிறியவை. ஆதலால் அங்கே சிறுமை என்பது தெரிவதில்லை. பெருந்திரையிலேதான் மனிதன் எவ்வளவு சிறியவன் என்பது கண்ணுக்குப் புலனாகிறது.

நான்காவது ஆக்கம். ஒன்று பிறிதொன்றாக மாறுதல் என்று இதற்கு உரை காண்பர். படத்தின் தொடக்கத்தில், மனிதனாக இன்னும் ஆகாத குரங்கு மனிதன் ஒருவன் விலங்கின் எலும்பொன்றைக் கையிலெடுக்கிறான். அதனால் அடிக்கலாம் என்று கண்டுகொள்கிறான். தண்ணீர்க் குட்டைக்காக நடக்கும் சண்டையில் தன் இனத்தவன் ஒருவனையே அடித்துக் கொல்கிறான். வெற்றிக் களிப்பில் எலும்பை வானில் எறிகிறான். அது சுழன்று விழும் கணத்தில் காட்சி மாறுகிறது. எலும்பு இருந்த இடத்தில் ஒரு செய்மதி மிதக்கிறது. பல இலட்சம் ஆண்டுகள் ஒரு கண் இமைப்பில் கடந்துவிடுகின்றன.

நேயர்களே, இந்த இடத்திலேதான் என் நெஞ்சு கனத்தது. அறிவு பிறந்த கணமும் கொலைக்கருவி பிறந்த கணமும் ஒன்றே என்கிறது இப்படம். என்னுடைய தலைமுறையைச் சேர்ந்த வடபகுதிப் பிள்ளைகளுக்கு வானம் என்றால் என்ன என்பது உங்களிற் பலருக்குத் தெரியும். விமானத்தின் இரைச்சல் கேட்டால் அண்ணாந்து பார்ப்போம். பார்த்த கையோடு பதுங்குகுழிக்கு ஓடுவோம். நட்சத்திரங்களை எண்ண வேண்டிய வயதில் வானத்தில் நாங்கள் தேடியது வேறொன்று. தொல்காப்பியர் மருட்கையை அடுத்து அச்சத்தை வைத்திருக்கிறார். இரண்டும் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள். எங்களுக்கோ முதல் வீடு பூட்டியே கிடந்தது. அந்தப் படம் முடியும்வரை இரண்டு மணித்தியாலத்துக்கு மேலாக நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பயப்படவில்லை. வானத்தை வியந்து பார்க்கும் உரிமையும் மனிதனுக்கு ஓர் உரிமை என்று அன்றுதான் எனக்குப் பட்டது.

இனிச் சொற்களைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். இந்தப் படத்தில் முதற் சொல் ஒலிக்க ஏறக்குறைய 25 நிமிடங்கள் ஆகின்றன. கடைசிப் பகுதியிலும் பேச்சே இல்லை. ஆரம்பத்தில் விளக்கவுரை ஒன்றைச் சேர்க்கத்தான் எண்ணியிருந்தார்கள். விஞ்ஞானிகளின் பேட்டிகளும் படமாக்கப்பட்டன. குப்ரிக் அவற்றையெல்லாம் நீக்கிவிட்டார். அதே ஆண்டிலே கிளார்க் வெளியிட்ட நாவலில் எல்லாம் விளக்கப்படுகின்றன. கறுப்புக் கல் எது, அதனை நாட்டியவர் யார் என்பதெல்லாம் தெளிவாகின்றன. ஒரே கதையை ஒருவர் சொல்லாமல் விட்டார். மற்றவர் சொல்லி வைத்தார். எது சிறந்தது என்று கேட்டால், இரண்டும் வேண்டும் என்பேன். ஆனால் வரிசை முக்கியம். முதலில் வியப்பு, பிறகு விளக்கம்.

சொல்லின் வலிமையை இந்தப் படம் மறுக்கவுமில்லை. இதில் வரும் மனிதர்கள் உணர்ச்சியின்றிப் பேசுகிறார்கள். 'ஹல்' என்னும் கணினியின் குரலில்தான் உணர்ச்சி இருக்கிறது. அதன் நினைவகத் தகடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றும்போது அது பயப்படுவதாகச் சொல்கிறது. பின்னர், தனக்குக் கற்றுத்தரப்பட்ட ஒரு பழைய பாட்டைப் பாடிக்கொண்டே குரல் தேய்ந்து அடங்குகிறது. இயந்திரத்தின் மரணத்துக்காக நாம் கலங்குவது அதன் சொல் நம் கண்முன்னே அழிவதால்தான். இயந்திரங்கள் நம்மோடு பேசத் தொடங்கிவிட்ட இந்நாளில் அந்தக் காட்சி முன்னையிலும் கூர்மையாகத் தைக்கிறது.

படம் மிக மெதுவாகச் செல்கிறது, முடிவு விளங்கவில்லை என்று குறை கூறுவோர் உண்டு. என் மருமகனும் வெளியே வந்ததும், "மாமா, கடைசியில வாற அந்தக் குழந்தை ஆர்?" என்றுதான் கேட்டான். "ஒரு கிழமை பொறு, யோசி. பிறகு கதைப்பம்" என்றேன். அந்த ஒரு கிழமையும் அவன் தானாகவே மூன்று விதமான பதில்களோடு வந்தான். உடனே பதிலைச் சொல்லியிருந்தால் அந்த மூன்றும் பிறந்திரா.

உயர்தர வகுப்பிலே கவிதை ஒன்றை எடுத்தவுடன் பிள்ளைகள் கேட்பது "சேர், நயம் சொல்லுங்கோ" என்பது. பரீட்சை அவர்களை அப்படிப் பழக்கியிருக்கிறது. உரை சொல்வது எங்கள் தொழில். அதை விட முடியாது. ஆயினும் பாட்டை ஒருமுறை உரத்து வாசித்துவிட்டு, ஒரு நிமிடம் சும்மா இருப்பதற்கு எந்தப் பாடத்திட்டமும் தடையில்லை. அந்த ஒரு நிமிடத்தில் மருட்கை பிறக்கும். பிறந்த பின்னர் எவ்வளவு உரை சொன்னாலும் அது தாங்கும்.

இந்தப் படம் பெருந்திரையில் எப்போதாவது உங்கள் ஊருக்கு வந்தால் பிள்ளைகளையும் கூட்டிச் சென்று பாருங்கள். வரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. அமாவாசை இரவில் முற்றத்து விளக்கை அணைத்துவிட்டுப் பிள்ளைகளோடு சற்றுநேரம் அண்ணாந்து பாருங்கள். விளக்கம் எதுவும் உடனே சொல்லாதீர்கள்.