தமிழில் படித்தவர் தாழ்ந்தவரல்லர்

(கூத்தாநல்லூரில் மேனிலைப் பள்ளி மாணவர்க்கென நடந்த கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரை)

   

இக்கூட்டம் தொடங்குமுன் மாணவரிடமிருந்து வினாத்தாள்கள் திரட்டப்பெற்றன. அவற்றுள் ஒன்றை மட்டும் கையில் எடுத்து வந்திருக்கின்றேன். பெயரெழுதாத சிறு தாள். அதில் உள்ளது இது: “ஐயா, நான் முதல் வகுப்பிலிருந்து தமிழ்வழியில் படிக்கிறேன். அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறார். மருத்துவராக வேண்டும் என்பது என் விருப்பம். அதற்கு எனக்குத் தகுதி இருக்கிறதா?”

தோழர்களே! அந்த மகள் கேட்ட சொல்லைக் கூர்ந்து பாருங்கள். ‘முடியுமா’ என்று அவள் கேட்கவில்லை. ‘தகுதி இருக்கிறதா’ என்று கேட்கின்றாள். ‘முடியுமா’ என்பது உழைப்பைப் பற்றிய வினா. உழைத்துப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். ‘தகுதி இருக்கிறதா’ என்பதோ தன்னையே ஐயுறும் வினா. உழைக்கத் தொடங்குமுன்னரே ஒரு பிள்ளையின் கையைக் கட்டிப்போடும் வினா. பதினாறு பதினேழு அகவைப் பெண்ணுக்கு இந்த ஐயம் தானாகத் தோன்றியதன்று. நாம்தாம் அதை விதைத்தோம்.

திருமண வீட்டில் உறவினர் ஒருவர், “பிள்ளை எந்த வழியில் படிக்கிறது?” என்று கேட்கின்றார். “தமிழ்வழி” என்றதும் “அப்படியா” என்று சொல்லி, அடுத்த பேச்சுக்குத் தாவி விடுகின்றார். அந்த “அப்படியா”வைப் பிள்ளை கேட்டுக்கொண்டு நிற்கிறது. பத்தாண்டு கேட்டால் அது நெஞ்சில் பதிந்து போகாதா? தாய்மொழியில் கற்பது ஏழைமையின் அடையாளம் என்றும், ஆங்கிலத்தில் கற்பதே அறிவின் அடையாளம் என்றும் எண்ணுகின்ற ஒரு குமுகாயம், தன் பிள்ளைகளின் முதுகெலும்பைத் தானே முறித்துக் கொள்கின்றது.

மருத்துவக் கல்விக்கும் ஆங்கிலத்துக்கும் உள்ள உறவை ஒருமுறை அச்சமின்றி ஆராய்ந்து பார்ப்போம். மருத்துவ நூல்களில் வரும் கலைச்சொற்களுள் பெரும்பாலானவை ஆங்கிலச் சொற்களே அல்ல. கிரேக்கத்திலிருந்தும் இலத்தீனிலிருந்தும் எடுத்தாளப்பட்டவை. ‘நெப்ரைட்டிசு’ என்றால் என்னவென்று இலண்டனில் பிறந்த பிள்ளைக்கும் பிறவியிலேயே தெரியாது. அதுவும் புதிதாகத்தான் கற்க வேண்டும். ‘சிறுநீரக அழற்சி’ என்று சொல்லிப் பாருங்கள். எந்த உறுப்பு, அதற்கு என்ன நேர்ந்தது என்பது அந்தச் சொல்லிலேயே விளங்குகிறது. கல்லீரல் அழற்சி, மூளை அழற்சி என்று அடுத்தடுத்துச் சொன்னால், ‘அழற்சி’ என்பதன் பொருளும் நோயின் இயல்பும் ஒருங்கே பிடிபடுகின்றன. பொருள் விளங்கிய பின் அயற்சொல்லை நினைவில் வைத்தல் எளிது. பொருள் விளங்காமல் சொல்லை மட்டும் உருப்போடுவது சுமை தூக்குவதே ஆகும்.

மருத்துவத்தைத் தமிழில் கற்பிக்க இயலுமா என்று ஐயுறுவோர் கடல்கடந்து யாழ்ப்பாணத்தைப் பார்க்கட்டும். அமெரிக்க நாட்டினரான மருத்துவர் சாமுவேல் பிசுக் கிறீன் 1847-ஆம் ஆண்டு அங்கு வந்தார். மானிப்பாயில் மருத்துவம் செய்தார்; நம் இளைஞர்க்கு மருத்துவமும் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்தில்தான் கற்பித்தார். பட்டறிவு அவரை மாற்றியது. 1860-களில் தமிழிலேயே மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். அதற்கு நூல் வேண்டுமே என்று பிறரை எதிர்பார்த்து அவர் உட்கார்ந்திருக்கவில்லை. தாமே தமிழ் கற்று, தம் மாணவரையும் துணைக்கொண்டு நூல்களை ஆக்கினார். பிள்ளைப்பேற்று மருத்துவம் பற்றிய நூல் 1857-இலும், அறுவை மருத்துவம் பற்றிய ‘இரண வைத்தியம்’ 1867-இலும், உடற்கூற்றியல் பற்றிய ‘மனுச அங்காதிபாதம்’ 1872-இலும் தமிழில் வெளிவந்தன. அவர் கையாண்ட சொற்களுள் வடசொற்கள் மிகுதிதாம். அது அக்காலத்து நிலை. இன்று நாம் அவற்றினும் நல்ல தமிழ்ச்சொற்களைப் படைத்துக் கொண்டோம். ஆனால், நூற்றைம்பது ஆண்டுகட்கு முன்பே அறுவை மருத்துவத்தைத் தமிழில் படித்தவர்கள் மக்களுக்கு மருத்துவம் பார்த்தார்கள் என்பதை எவர் மறுக்க இயலும்? தம் கல்லறையில், தமிழர்க்கு மருத்துவத் தொண்டு செய்தவர் என்னும் பொருள்படும் தொடரைப் பொறிக்க வேண்டும் என்பது அவர் விருப்பமாக இருந்தது. 1884-இல் அவர் மறைந்தார்; கல்லறையில் அத்தொடர் நிற்கிறது. அயலாராகிய அவர்க்கு நம் மொழிமேல் இருந்த நம்பிக்கை, இம்மண்ணில் பிறந்த நமக்கு இல்லாமற் போனது ஏன்?

சப்பானியர் சப்பானிய மொழியில் மருத்துவம் கற்கின்றனர். செருமானியர் செருமன் மொழியில் கற்கின்றனர். சீனர் சீனத்தில் கற்கின்றனர். இந்தியாவிலேயே மத்தியப் பிரதேசத்தில் 2022-ஆம் ஆண்டு மருத்துவப் பட்டப்படிப்புக்கு இந்தி நூல்களை வெளியிட்டனர். தமிழகத்து மருத்துவக் கல்லூரிகளிலோ ஆங்கிலமே பயிற்றுமொழியாக நீடிக்கின்றது. இந்நிலை மாறவேண்டும் என்பது நம் கோரிக்கை. அது மாறும் வரையில் நம் பிள்ளைகள் காத்திருக்க இயலாது. ஆதலின் ஆங்கிலத்தையும் அவர்கள் கற்கத்தான் வேண்டும்.

எப்படிக் கற்பது? அதற்கு இந்தக் கூத்தாநல்லூரே பாடம். உங்கள் பாட்டன்மாரும் தந்தைமாரும் பலர் கடல்கடந்து சென்று பொருளீட்டி இவ்வூரை வளர்த்தவர்கள். இவ்வூரைச் ‘சின்னச் சிங்கப்பூர்’ என்று மக்கள் அழைப்பதும் அதனால்தான். மலாய் பேசும் இடத்தில் மலாய் கற்றார்கள். அரபு பேசும் இடத்தில் அரபு கற்றார்கள். கடைக்கும் அலுவலுக்கும் அம்மொழிகள் உதவின. அதற்காக அவர்கள் தங்களைத் தாழ்ந்தவராகக் கருதியதுண்டா? வீட்டுக்கு எழுதிய மடலும், பிள்ளைக்குச் சொன்ன தாலாட்டும் தமிழாகவே இருந்தன. ஆங்கிலத்தையும் அவ்வாறே கொள்ளுங்கள். அது கையிலெடுக்கும் கருவி. உங்களை அளக்கும் அளவுகோல் அன்று.

இனி, மருத்துவ மனைக்குள் வாருங்கள். வெண்ணாற்றங்கரைச் சிற்றூர் ஒன்றிலிருந்து முதியவள் ஒருத்தி வருகின்றாள். அவள் ஆங்கிலத்தில் நோவாள் அல்லள்! ‘குத்துகிறது’ என்பாள், ‘குடைகிறது’ என்பாள், ‘உளைகிறது’ என்பாள், ‘கடுக்கிறது’ என்பாள், ‘இழுத்துப் பிடிக்கிறது’ என்பாள். இவையெல்லாம் ஒரே வலிக்குப் பல பெயர்கள் அல்ல. வேறு வேறு வலிகள். குத்தலுக்கும் கடுப்புக்கும் உள்ள வேறுபாட்டைச் செவியாலேயே அறிகின்ற மருத்துவர், நோயின் பாதையில் பாதித் தொலைவு நடந்துவிட்டவர் ஆவார். அந்தச் செவி எந்தக் கல்லூரியிலும் விலைக்குக் கிடைக்காது. தாய் தந்தையின் பேச்சைக் கேட்டு வளர்ந்த உங்களிடம் அது முன்னரே உள்ளது.

இன்னோர் எடுத்துக்காட்டும் சொல்வேன். கட்டுவிரியன் பெரும்பாலும் இரவில் கடிக்கும்; தரையில் படுத்துறங்குவோரைக் கடிக்கும். பல நேரங்களில் கடிவாயில் வலியும் இராது, வீக்கமும் இராது. விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுவார்கள், பிறகு கண்ணிமை தானாகச் சாயும், நா குழறும், மூச்சுத் திணறும். பாம்பு கடித்ததே அவர்க்குத் தெரிந்திருக்காது. அப்போது, “நேற்றிரவு எங்கே படுத்திருந்தீர்கள்? தரையிலா, கட்டிலிலா?” என்று கேட்கத் தோன்ற வேண்டுமே! நெற்களத்தில் காவல் படுத்த தந்தையை உடையவர்க்கு அந்த வினா உடனே தோன்றும். அந்த ஒரு வினாவால் ஓர் உயிர் மீளும். அம்மா நடவுக்குப் போகிறார் என்று தாளில் எழுதினாயே மகளே, அதை ஒரு குறையாக எழுதினாயோ? அது உனக்குக் கிடைத்த முதல் மருத்துவப் பாடம்!

பிறப்பாலும் சூழலாலும் ஒருவரைத் தாழ்த்தும் கொடுமை இன்று நேற்றுத் தோன்றியதன்று. புதுக்கோட்டையில் 1886-ஆம் ஆண்டு பிறந்த முத்துலக்குமி அம்மையாரை எண்ணிப் பாருங்கள். அவர்தம் தாயார் தேவரடியார் மரபில் வந்தவர். அக்குடியிற் பிறந்த பெண்ணை ஊரார் எந்தக் கண்கொண்டு பார்த்திருப்பர் என்று நான் சொல்ல வேண்டுவதில்லை. ஆடவர் மட்டும் பயின்ற மன்னர் கல்லூரியில் அவர் சேர முயன்றபோது எதிர்ப்பு எழுந்தது. புதுக்கோட்டை மன்னர் இசைவு தந்தார். அவர் உள்ளே சென்றார். 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912-இல் பட்டம் பெற்றார். அதனோடு அமைந்துவிட்டாரா? சென்னைச் சட்டமன்றத்தில் முதற்பெண் உறுப்பினராய் அமர்ந்து, எந்த வழக்கம் தம் குடியை இழிவுபடுத்தியதோ அந்த வழக்கத்தை ஒழிக்கப் போராடினார். 1947-இல் அதற்குரிய சட்டம் வந்தது. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்தை 1954-இல் அடையாற்றில் ஒரு புற்றுநோய் மருத்துவமனையாக மாற்றினார். ‘எனக்குத் தகுதி இருக்கிறதா’ என்று அவர் ஊராரைக் கேட்டுக்கொண்டு நின்றிருந்தால், இவற்றுள் ஒன்றேனும் நடந்திருக்குமா?

இங்கே துயரமான மற்றொரு பெயரையும் சொல்லியாக வேண்டும். அரியலூர் மாவட்டத்துக் குழுமூரைச் சேர்ந்த அனிதா, சுமைதூக்கும் தொழிலாளியின் மகள். 2017-இல் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் 1200-க்கு 1176 மதிப்பெண் பெற்றாள். அவ்வாண்டு ‘நீட்’ என்னும் நுழைவுத் தேர்வு தமிழகத்தில் நடைமுறைக்கு வந்தது. மருத்துவ இடம் அவளுக்குக் கிட்டவில்லை. உச்சநீதிமன்றம் வரை சென்றும் பயனில்லை. அவ்வாண்டு செப்டம்பர் முதல் நாள் அவளை இழந்தோம். அவள் இறந்தமை நம் எல்லார்க்கும் இழுக்கு. ஆட்டத்தின் நடுவில் விதியை மாற்றிவிட்டு, தோற்றவள் நீ என்று சொல்வது எவ்வகை அறம்? அதன்பின் எழுந்த குரல்களால்தான், 6-ஆம் வகுப்பு முதல் 12-ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் பயின்றவர்க்கு மருத்துவ இடங்களில் 7.5 விழுக்காடு ஒதுக்கும் சட்டம் 2020-இல் தமிழகத்தில் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, விரல்விட்டு எண்ணத்தக்க அரசுப் பள்ளி மாணவரே மருத்துவக் கல்லூரிக்குள் நுழைந்தனர். சட்டம் வந்த முதலாண்டிலேயே முந்நூறுக்கு மேற்பட்ட இடங்கள் அவர்க்கெனக் கிடைத்தன. ஓராண்டுக்குள் நம் பிள்ளைகளின் மூளையா வளர்ந்துவிட்டது? இல்லை; கதவு சிறிது திறந்தது, அவ்வளவே. தகுதியின்மை என்று அவர்கள் சொல்லி வந்தது எது என்பது இப்போது விளங்குகிறதா?

ஆயினும் மாணவச் செல்வங்களே, ஒன்றை உங்கள் நெஞ்சில் ஆழப் பதிக்க விரும்புகின்றேன். அனிதாவின் இழப்பை நினைந்து நாம் போராடலாம். அவள் வழியை எவரும் பின்பற்றலாகாது. ஒரு தேர்வு ஓர் இடத்தைத் தரும், அல்லது மறுக்கும். உயிரின் மதிப்பைத் தரவும் அதனால் இயலாது, மறுக்கவும் இயலாது. உள்ளம் சோர்ந்த இரவில் தனித்திராதீர்கள். அம்மாவிடம் சொல்லுங்கள், ஆசிரியரிடம் சொல்லுங்கள், 104 என்னும் அரசு மருத்துவ உதவி எண்ணை அழைத்துப் பேசுங்கள். பேசுவது இழுக்கன்று, வலியைச் சொல்வதே மருத்துவத்தின் தொடக்கம்.

திருவள்ளுவப் பெருந்தகை ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில் மருத்துவத்தை நான்கு உறுப்புகளாக வகுக்கின்றார். நோயுற்றவர், மருத்துவர், மருந்து, உடனிருந்து துணைசெய்வோர் என்பன அவை. மருத்துவர்க்குரிய வரிசையிலேயே துணைசெய்வோரையும் வைத்தார். ஆகவே, மருத்துவ இடம் கிடைக்காதோர் மருத்துவத்துக்கே புறம்பானவர் அல்லர். செவிலியர் இல்லாமல் எந்த மருத்துவமனை இயங்கும்? மருந்தாளுநர், குருதி ஆய்வு செய்வோர், உடலியக்கப் பயிற்சி தருவோர், சித்த மருத்துவர் ஆகிய அனைவரும் அந்த நான்கு உறுப்புகளுள் அடங்குவர். வாயில் பல, தொண்டு ஒன்று.

உங்கள் ஊர்க்கு அண்மையில் திருவாரூரில் 2010 முதல் அரசு மருத்துவக் கல்லூரி உள்ளது. தஞ்சையில் 1959 முதல் உள்ளது. அதற்கு முன் இப்பகுதியிலிருந்து மருத்துவம் படிக்க விரும்பியவர் தொலைவூர்களைத்தான் நோக்க வேண்டியிருந்தது. இன்று கல்லூரி கண்ணுக்கெட்டும் தொலைவில் வந்துவிட்டது. அந்த நுழைவுத் தேர்வைத் தமிழிலேயே எழுதவும் இடமுண்டு. நாடோறும் ஒரு பாடத்தைத் தமிழில் பொருளுணர்ந்து படியுங்கள். படித்ததை வீட்டில் ஒருவர்க்குத் தமிழில் விளக்குங்கள். அவர்க்கு விளங்கினால் உங்களுக்கு விளங்கிவிட்டது என்று பொருள். பிறகு அதற்குரிய ஆங்கிலச் சொல்லை அருகில் எழுதிக்கொள்ளுங்கள். பெற்றோரே! உங்களிடம் வேண்டுவது ஒன்றே. அடுத்த திருமண வீட்டில், “பிள்ளை எந்த வழியில் படிக்கிறது?” என்று எவரேனும் கேட்டால், குரலைத் தாழ்த்தாமல் “தமிழ்வழி” என்று சொல்லுங்கள். உங்கள் குரலின் உயரத்தில்தான் பிள்ளையின் தலை நிமிரும்.

பெயரெழுதாத மகளே! நீ இந்தக் கூட்டத்தில் எங்கோ அமர்ந்திருக்கின்றாய். உன் வினாவுக்கு விடை சொல்லி முடிக்கின்றேன். தகுதி உனக்கு உண்டா என்று தேர்வாளரையும் கேளாதே, என்னையும் கேளாதே. மருத்துவராவாயா என்பது உன் உழைப்பையும், நாங்கள் போராடித் திறக்கும் கதவுகளையும் பொறுத்தது. தகுதியோ, சேற்றில் நின்று இந்நாட்டுக்குச் சோறு தரும் தாயின் வயிற்றில் பிறந்தபோதே உன்னோடு வந்தது. அடுத்த முறை வினா எழுதும்போது, தாளின் அடியில் உன் பெயரையும் எழுது மகளே!

வாழ்க தமிழ்! வளர்க தமிழ்க் கல்வி!